மோட்டார்ஹோமில் அவுட்டர் ஹெப்ரிடீஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கு மோட்டார்ஹோமில் (உள்ளேயே படுத்து, சமைத்துத் தங்கும் வண்டியில்) போக நினைப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். பதில்களில் அடிக்கடி வரும் ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். அங்கே கப்பலில் இடம் குறைவு, ரோடு ஒடுக்கம், மண் மெல்லிது. இந்த மூன்றையும் அந்த ஊர்க்காரர்கள் வருஷம் முழுக்க நம்பி வாழ்கிறார்கள்.

அவுட்டர் ஹெப்ரிடீஸ் என்றால் எது? ஸ்கை தீவும் அதுதானே?

இல்லை. ஸ்கை, கரையை ஒட்டிய இன்னர் ஹெப்ரிடீஸைச் சேர்ந்தது. 1995 முதல் அதற்குப் பாலமே இருக்கிறது. அவுட்டர் ஹெப்ரிடீஸ் அதற்கும் மேற்கே, திறந்த அட்லாண்டிக்கை நோக்கி இருப்பது. வடக்கிலிருந்து தெற்காக லூயிஸ், ஹாரிஸ், பெர்னரே, நார்த் யூயிஸ்ட், பென்பெகுலா, சவுத் யூயிஸ்ட், எரிஸ்கே, பாரா, வாட்டர்சே என்று வரும். லூயிஸும் ஹாரிஸும் பெயரில்தான் இரண்டு, நிலத்தால் ஒரே தீவு. பெர்னரேயிலிருந்து எரிஸ்கே வரை கடலில் கல் கொட்டிப் போட்ட தரைப்பாலங்கள் (அங்கே காஸ்வே என்பார்கள்) இணைக்கின்றன. பாராவையும் வாட்டர்சேயையும் இன்னொரு காஸ்வே இணைக்கிறது.

ஆக, தீவுகளுக்குள் கப்பல் ஏற வேண்டிய இடங்கள் இரண்டே: ஹாரிஸின் லெவர்பர்க்கிலிருந்து பெர்னரே, எரிஸ்கேயிலிருந்து பாராவின் ஆர்ட்வோர். முன்னது சுமார் ஒரு மணி நேரம், பின்னது சுமார் 40 நிமிடம்.

ஒரு வாரத்தில் எல்லாம் பார்த்துவிடலாமா?

வடக்கு முனையிலிருந்து தெற்கு முனை வரை ஓட்டிவிடலாம், பார்க்க முடியாது. முழுத் தீவுக்கும் பத்து நாள் வேண்டும், இரண்டு வாரம் இருந்தால் நிம்மதி. ஒரு வாரம்தான் லீவு என்றால் லூயிஸ்–ஹாரிஸ் மட்டும், அல்லது யூயிஸ்ட்–பாரா மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டரைப் பார்த்து ஏமாற வேண்டாம். லூயிஸின் ஸ்டோர்னோவேயிலிருந்து ஹாரிஸின் டார்பெர்ட் சுமார் 60 கி.மீ., நல்ல ரோடு, ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். டார்பெர்ட்டின் கிழக்குப் பக்கம் கோல்டன் ரோடு என்று சொல்லப்படும் பாறைப் பாதையில் அதன் பாதித் தூரத்துக்கே அந்த நேரம் ஆகிவிடும்.

இந்திய லைசன்ஸ் வைத்து ஓட்ட விடுவார்களா?

செல்லுபடியாகும் வெளிநாட்டு லைசன்ஸுடன் வருபவர்கள் பிரிட்டனில் 12 மாதம் வரை கார் வகை வண்டிகளை ஓட்டலாம். இந்திய, இலங்கை லைசன்ஸ்களுக்கும் இது பொருந்தும். பிரிட்டனிலேயே குடியேறியவர்கள் அந்த 12 மாதத்துக்குப் பிறகு அங்கே டெஸ்ட் எழுதி, ஓட்டிக் காட்டித்தான் ஆக வேண்டும். அந்த ஊரின் சாதாரண கார் லைசன்ஸில் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 3,500 கிலோ. வாடகை மோட்டார்ஹோம்களில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள்தான் இருக்கும்.

வாடகைக் கம்பெனிகளின் விதி வேறு: குறைந்தபட்ச வயது, லைசன்ஸ் எடுத்து இத்தனை வருஷம் என்று கேட்பார்கள். 3,500 கிலோ என்பது தண்ணீர், கேஸ், ஆட்கள், சாமான் எல்லாம் சேர்த்து. ஆறு பேர் ஏறி 100 லிட்டர் தண்ணீரும் நிரப்பினால் வரம்பைத் தாண்டுவது சுலபம். ஏற்றும் எடை எவ்வளவு மிச்சம் என்று வண்டி எடுக்கும்போதே கேளுங்கள்.

எவ்வளவு பெரிய வண்டி எடுக்கலாம்?

6 மீட்டர் வண்டி எல்லா இடத்துக்கும் போகும். 7 மீட்டர் வரை சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் மெயின் ரோடுகளில் சிக்கல் இல்லை, கிளைச் சாலைகளை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். கோல்டன் ரோடு, ஹுஷினிஷ் கடற்கரைக்குப் போகும் பி887 இரண்டையும் பெரிய வண்டிக்குப் பரிந்துரைக்க மாட்டோம். ஹுஷினிஷ் ரோடு கடைசிவரை ஒற்றைத் தடம். திருப்பமும் ஏற்றமுமாகப் போய், நடுவில் அமுன்சூயி கோட்டையின் வாசலை ஒட்டியே கடக்கிறது.

நீளத்தைவிட அகலம்தான் முக்கியம். மோட்டார்ஹோமின் உடல் 2.3 மீட்டர் என்றால் கண்ணாடிகளோடு 2.7 மீட்டர் ஆகிவிடும். ஒற்றைத் தட ரோடு பல இடங்களில் 3 மீட்டர்தான்.

ஃபெர்ரி டிக்கெட் எப்போது போடுவது? எந்த வழியாகப் போவது?

கப்பல்களை நடத்துவது கால்மாக் நிறுவனம். பெருநிலத்திலிருந்தும் ஸ்கையிலிருந்தும் போக ஐந்து வழிகள்: உல்லாபூல்–ஸ்டோர்னோவே (சுமார் இரண்டே முக்கால் மணி நேரம்), ஸ்கையின் ஊயிக் துறையிலிருந்து டார்பெர்ட் அல்லது நார்த் யூயிஸ்டின் லாக்மடி (இரண்டுமே ஒன்றே முக்கால் மணிக்குள்), மாலேக்கிலிருந்து சவுத் யூயிஸ்டின் லாக்பாய்ஸ்டேல் (மூன்றரை மணி நேரம்), ஓபனிலிருந்து பாராவின் காசில்பே (ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு).

கோடைக்கான முன்பதிவு திறந்த உடனேயே போட்டுவிடுங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை மோட்டார்ஹோமுக்கான இடம்தான் முதலில் தீரும். பல கப்பல்களில் கார்களை இரண்டு அடுக்காக ஏற்றலாம், உயரமான வண்டிக்கு நடுத்தளம் மட்டுமே. லாரியும் பஸ்ஸும் நிற்பது அதே இடத்தில்தான்.

போடும் வரிசையும் முக்கியம். பெரும்பாலானவர்கள் ஓபன் துறையிலிருந்து போகும் கப்பலுக்கு டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு, தீவுகளுக்கு இடையிலான சின்னக் கப்பலைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். அந்தச் சின்னக் கப்பலில் அந்த நாளுக்கு இடம் இருக்காது, மொத்தத் திட்டமும் நொறுங்கிவிடும். முதலில் லெவர்பர்க்–பெர்னரே, எரிஸ்கே–ஆர்ட்வோர் இரண்டிலும் இடம் பாருங்கள். அந்தத் தேதிகளை வைத்துக்கொண்டு போகவும் வரவும் டிக்கெட் போடுங்கள். எந்தத் திசையில் போனாலும் காட்சி ஒன்றுதான், டிக்கெட் கிடைக்கிற திசையில் போங்கள்.

வண்டி நீளத்தைக் கொஞ்சம் குறைத்துப் போட்டால் காசு மிச்சமாகுமே?

செய்யாதீர்கள். கட்டணம் நீளத்தைப் பொறுத்தது. நீளம் என்றால் முன் பம்பரிலிருந்து கடைசியாக நீட்டிக்கொண்டிருக்கும் பொருள் வரை. பின்னால் சைக்கிள் ஸ்டாண்ட் இருந்தால் அதுவும் சேரும், இழுவைக் கொக்கியும் சேரும். துறையில் அளந்து பார்த்து அதிகமாக இருந்தால் கூடுதல் காசு கேட்பார்கள். கப்பல் நிரம்பியிருந்தால் ஏற்றவே மாட்டார்கள், அந்த இடத்துக்கு வேறொருவர் மணிக்கணக்கில் காத்திருப்பார்.

வாடகை வண்டியென்றால் இணையத்தில் போட்டிருக்கும் நீளத்தை நம்பாமல், அந்த வண்டியின் சரியான அளவை எழுத்தில் வாங்குங்கள்.

கப்பலில் ஏற்றும்போது என்னென்ன அணைக்க வேண்டும்?

கேஸ் சிலிண்டரின் வால்வையே மூடுங்கள். உள்ளே அடுப்பை அணைத்தால் மட்டும் போதாது. ஃப்ரிட்ஜ் கேஸில் ஓடினால் அதையும் நிறுத்துங்கள். கதவைத் திறக்காமல் விட்டால் நாலைந்து மணி நேரம் குளிர் தாங்கும். இன்ஜின் ஓடாதபோது 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டுப் போகாதீர்கள், அந்த வகை ஃப்ரிட்ஜ் பேட்டரியைக் காலி செய்துவிடும்.

ஹேண்ட் பிரேக், முதல் கியர். அலாரத்தில் அசைவு உணரும் பகுதியை அணைத்துவிடுங்கள். கப்பல் ஆடும்போது அது அலறிக்கொண்டே இருக்கும். அலமாரிப் பூட்டுகளை ஒருமுறை கையால் இழுத்துப் பாருங்கள்.

ஒற்றைத் தட ரோட்டில் எதிரே வண்டி வந்தால் யார் பின்னால் போக வேண்டும்?

ரோட்டோரமாக அங்கங்கே அகலப்படுத்திய ஒதுங்குமிடங்கள் இருக்கும், கம்பத்தில் அறிவிப்புப் பலகையோடு. யாருக்கு அது பக்கமோ அவர் ஒதுங்குவதுதான் வழக்கம். பிரிட்டன் சாலை விதிப்படி, முடிந்தவரை மேட்டில் ஏறி வருபவருக்கு வழிவிட வேண்டும். ஒதுங்குமிடம் உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதற்குள் போங்கள். வலப்பக்கம் இருந்தால் உள்ளே நுழையாமல் அதற்கு எதிரே ரோட்டிலேயே நில்லுங்கள், எதிர் வண்டி அதற்குள் புகுந்து உங்களைக் கடந்துவிடும். புதிதாக வருபவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான்: வலப்பக்கம் குறுக்கே பாய்ந்து நுழைந்துவிடுவார்கள், எதிரே வருபவருக்கு எந்தப் பக்கம் போவதென்றே தெரியாது.

பார்வையை அடுத்த வண்டியின் மேல் வைக்காமல், அடுத்த இரண்டு ஒதுங்குமிடங்கள் எங்கே என்று பார்த்துக்கொண்டே ஓட்டுங்கள். அப்படி ஓட்டினால் பின்னால் போகவேண்டிய நிலையே அபூர்வமாகத்தான் வரும். ஒதுங்க இடமில்லையே என்று ஒரு சக்கரத்தைத் தாரிலிருந்து இறக்கிவிடாதீர்கள். ஓரத்துப் புல்லுக்குக் கீழே இருப்பது பீட் எனும் கரிச்சேறு, மூன்றரை டன்னைத் தாங்காது.

பின்னால் வருபவருக்கும் இதே இடத்தில் வழிவிட வேண்டும். அவர் மருத்துவச் செவிலியாக இருக்கலாம், கப்பலைப் பிடிக்க ஓடுபவராக இருக்கலாம். கண்ணாடியில் ஒரு கார் தெரிந்தாலே ஒதுங்குங்கள். போட்டோ எடுக்கவோ டீ போடவோ அங்கே நிறுத்தவே கூடாது. நாலைந்து மோட்டார்ஹோம்கள் ஒன்றாகச் சேர்ந்து ஓட்டுவதும் வேண்டாம், ஓர் ஒதுங்குமிடத்தில் ஒன்றிரண்டு வண்டிதான் கொள்ளும்.

ஸ்காட்லாந்தில் எங்கே வேண்டுமானாலும் தங்கலாம் என்று சட்டமே இருக்கிறதாமே?

இருக்கிறது, ஆனால் அது உங்கள் வண்டிக்கு இல்லை. 2003-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம் நடப்பவருக்கும், சைக்கிளில் போகிறவருக்கும், கூடாரம் போடுபவருக்கும் உரிமை கொடுக்கிறது. மோட்டார் வண்டிகள் அதில் வராது. 1988-ஆம் ஆண்டின் சாலைச் சட்டத்தில் ரோட்டிலிருந்து 15 கஜம் வரை வண்டியை நிறுத்த ஒதுக்கலாம் என்று இருப்பதைச் சிலர் காட்டுவார்கள். அப்படி ஒதுக்குவது அந்தச் சட்டப்படி குற்றமில்லை என்று மட்டுமே அதற்கு அர்த்தம். அடுத்தவர் நிலத்தில் நிறுத்தும் உரிமையை அது தருவதில்லை.

நடைமுறையில் செய்ய வேண்டியது எளிது. முகாம்களில் தங்குங்கள், அல்லது உள்ளூர் அறக்கட்டளைகளும் சமூகக் கூடங்களும் ஒதுக்கியிருக்கும் இரவு நிறுத்தங்களில் தங்குங்கள். ஹாரிஸின் மேற்குக் கரையில் நிலமே ஊர்மக்களின் அறக்கட்டளைக்குச் சொந்தம், அவர்களே மோட்டார்ஹோமுக்கு இடங்கள் குறித்திருக்கிறார்கள். ஹொர்கபோஸ்ட், நார்த் யூயிஸ்டின் பால்ரனால்ட், பென்பெகுலாவின் லினிக்லேட், சவுத் யூயிஸ்டின் கில்பிரைட் முகாம்கள் எல்லோரும் போகுமிடம். ஜூன், ஜூலையில் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். சில இடங்களில் ஆள் இருக்கமாட்டார், காசு போட ஒரு பெட்டி மட்டும் இருக்கும். சில்லறை வைத்துக்கொள்ளுங்கள், கண்டிப்பாகப் போடுங்கள்.

கடற்கரைப் புல்வெளி காலியாகத்தானே கிடக்கிறது, ஒரு ராத்திரி நிறுத்தினால் என்ன கெட்டுவிடும்?

அது காலி நிலமில்லை. மாகர் என்பார்கள். சிப்பித் தூள் கலந்த மணலின் மேல் மெல்லிய புல்தோல் போர்த்த நிலம். உலகில் அயர்லாந்தின் மேற்குக் கரையிலும் ஸ்காட்லாந்தின் வடமேற்கிலும் மட்டுமே இருக்கிறது. சிறு விவசாயிகள் அதில் ஓட்ஸும் ரை தானியமும் பயிரிடுகிறார்கள், குளிர்காலத்தில் மாடு மேய்க்கிறார்கள். கோடையில் பூக்கும்போது தரையிலேயே கூடு கட்டும் ஆள்காட்டி, உள்ளான் வகைப் பறவைகள் அங்கேதான் இருக்கும். பிரிட்டனில் அருகிவிட்ட கார்ன்கிரேக் பறவைக்கும் இந்தப் பக்கம்தான் புகலிடம்.

டயர் ஒருமுறை திரும்பினாலே புல்தோல் கிழியும். கீழே வெறும் மணல். அந்தக் கிழிசலில் அட்லாண்டிக் காற்று நுழைந்து மணலை வாரிப்போகும், பள்ளம் வருஷா வருஷம் பெரிதாகும். ஏற்கெனவே தடம் இருக்கிறதே என்று அதில் இறங்குபவர்கள்தான் அந்தப் பள்ளத்தை ஆழமாக்குகிறார்கள்.

டாய்லெட் கேசட்டை எங்கே காலி செய்வது? பொதுக் கழிவறையில் ஊற்றலாமா?

ஊற்றாதீர்கள். கேசட் என்பது வண்டிக் கழிவறையிலிருந்து கழற்றி எடுக்கும் கழிவுத் தொட்டி. தீவின் பல கழிவறைகள் செப்டிக் டேங்கில்தான் முடிகின்றன. அங்கே கழிவைச் செரிப்பது பாக்டீரியா. கேசட்டில் போடும் நீல திரவம் அதைக் கொன்றுவிடும், டேங்க் அடைத்துக்கொள்ளும், ஊரே அவதிப்படும். பச்சை நிற, செப்டிக் டேங்குக்கு ஏற்ற திரவத்தையே வாங்குங்கள். அதையும் முகாம்களில் இதற்கென்றே இருக்கும் குழியில் மட்டும் காலி செய்யுங்கள்.

கேசட் 17 முதல் 20 லிட்டர்தான். இரண்டு பேருக்கு இரண்டு மூன்று நாள். அதனால் மூன்று இரவுக்கு ஒருமுறையாவது வசதியுள்ள முகாம் என்று திட்டத்திலேயே போடுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அங்கேயே விடுங்கள். குடிதண்ணீர்க் குழாயையும் கேசட் கழுவும் குழாயையும் மாற்றிப் பிடித்துவிடாதீர்கள், இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்.

கேஸ், டீசல், கரண்ட் எல்லாம் கிடைக்குமா?

கேஸை ஏறும் முன்பே நிரப்பிக்கொள்ளுங்கள், அதுவும் புரொபேனாக. பியூட்டேன் பூஜ்யம் டிகிரியை நெருங்கும்போதே ஆவியாக மறுக்கும். வசந்தகால விடிகாலையில் ஹீட்டர் நிற்பதற்குப் பல நேரம் காரணம் சிலிண்டர் காலியானதில்லை, உள்ளே பியூட்டேன் இருப்பதுதான். புரொபேன் மைனஸ் 42 வரை பிரச்சினை செய்யாது.

டீசல் கிடைக்கும். தீவின் பெட்ரோல் பங்குகளுக்கு 2012 மார்ச் முதல் லிட்டருக்கு 5 பென்ஸ் வரிச் சலுகை உண்டு, இருந்தாலும் பெருநிலத்தைவிட விலை கூடுதலாகவே இருக்கும். பாதி டேங்கில் நிரப்புவதைப் பழக்கமாக்குங்கள். முகாம் கரண்டில் சில இடங்களில் 10 ஆம்பியர்தான் வரும். 2 கிலோவாட் கெட்டில் ஒன்றே கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், அதோடு மின்ஹீட்டரும் போட்டால் பிரேக்கர் விழும்.

ஞாயிற்றுக்கிழமை எல்லாமே மூடியிருக்குமா?

லூயிஸ், ஹாரிஸ், நார்த் யூயிஸ்டில் ஞாயிறு வழிபாட்டு நாள். பிரஸ்பிட்டேரியன் திருச்சபையினர் அதை உண்மையாகவே கடைப்பிடிக்கிறார்கள். ஸ்டோர்னோவேயிலிருந்து உல்லாபூலுக்கு ஞாயிறு கப்பலே 2009 ஜூலையில்தான் வந்தது. ஸ்டோர்னோவேயின் டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் ஞாயிறு திறந்தது 2024 நவம்பரில். கிராமப்புறக் கடைகளும் பங்குகளும் பெரும்பாலும் மூடியிருக்கும். சவுத் யூயிஸ்டும் பாராவும் கத்தோலிக்கப் பகுதி, அங்கே இவ்வளவு கட்டுப்பாடு இல்லை.

சனிக்கிழமை மாலைக்குள் டீசல், பால், ரொட்டி வாங்கிவிடுங்கள். சில முகாம்கள் ஞாயிறு அன்று வருவதையும் கிளம்புவதையும் விரும்புவதில்லை, முன்பதிவின்போதே கேளுங்கள். ஞாயிறு அன்று வெளியே துணி காயப்போட வேண்டாம். பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார், ஆனால் மனம் வருந்துவார்.

மிட்ஜ் பூச்சி அவ்வளவு மோசமா?

கொசுவைவிடச் சின்னதாக, கூட்டமாக வந்து கடிக்கும் பூச்சி அது. மே கடைசியிலிருந்து செப்டம்பர் வரை, காற்று நின்ற காலையிலும் மாலையிலும் மோசம். மணிக்கு 7 மைல் காற்று இருந்தாலே அவற்றால் பறக்க முடியாது. அதனால் திறந்த மேற்குக் கரையில் தொல்லை குறைவு, கிழக்குப் பக்கத்துப் பள்ளங்களில் அதிகம். சாதாரணக் கொசுவலை பயன்படாது, மிட்ஜுக்கென்ற நெருக்கமான வலை வேண்டும்.

காற்று எவ்வளவு அடித்தால் வண்டியை எடுக்கக் கூடாது?

வானிலையில் சராசரிக் காற்றைப் பார்க்காமல் வீச்சை, அதாவது திடீரென அடிக்கும் உச்ச வேகத்தைப் பாருங்கள். வீச்சு மணிக்கு 40 மைல் என்றால் மெதுவாக, இரண்டு கையும் ஸ்டீயரிங்கில். 50 என்றால் கிளம்பாதீர்கள். கிளிஷம் மலையின் தோளில் ஏறும் ஏ859-ம், காஸ்வேக்களும் பக்கக்காற்றுக்கு மறைப்பே இல்லாத இடங்கள். புயலும் பெருங்கடல் ஏற்றமும் சேர்ந்தால் காஸ்வே மேல் அலை ஏறும். 2005 ஜனவரிப் புயலில் சவுத் யூயிஸ்டில் ஒரே குடும்பத்தின் ஐந்து பேர் கடலுக்குப் பலியானார்கள். மூடிய காஸ்வேயை எந்தக் காரணத்துக்காகவும் கடக்க முயலாதீர்கள்.

நிறுத்தும்போது மூக்கைக் காற்றின் பக்கம் திருப்புங்கள். கூரை ஜன்னல்களைப் பூட்டுங்கள், பக்கத்துப் பந்தலை விரிக்கவே வேண்டாம். அதிகம் உடைவது கதவுதான்: பின்பக்கக் காற்றில் ஒருவர் சாதாரணமாகத் திறப்பார், காற்று பிடுங்கி முன்பக்கம் அறைந்து கீலை வளைத்துவிடும். குழந்தைகளைக் கதவைத் திறக்க விடாதீர்கள், பெரியவர் ஒருவர் பிடித்துக்கொண்டே திறக்கட்டும்.

ஃபெர்ரி ரத்தானால் என்ன செய்வது? அடுத்த நாள் விமானம் இருக்கிறதே?

ரத்தானால் இடம் இருக்கும் அடுத்த கப்பலுக்கு மாற்றுவார்கள். கோடையில் அது மறுநாளாகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. மாலேக்–லாக்பாய்ஸ்டேல் பாதை காற்றுக்கு எளிதில் நிற்கும். லெவர்பர்க்–பெர்னரே கப்பல் காற்று இல்லாத நாளிலும் நிற்கக்கூடும். அந்த ஜலசந்தி முழுக்கப் பாறையும் மணல்திட்டும், கப்பல் மிதவைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறது. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய ஆழ்ந்த வற்றத்தில் தண்ணீர் போதாது. டிக்கெட் போடும்போதே அலை அட்டவணையையும் பாருங்கள்.

விமானத்துக்கு இரண்டு நாள் முன்னதாகத் தீவை விட்டு இறங்கும்படி டிக்கெட் போடுங்கள். கடைசிச் சாப்பாடு, கடைசி மருந்து என்று கணக்காகக் கொண்டுபோகாமல் மூன்று நாளுக்குக் கூடுதலாக வையுங்கள்.

சின்னக் கப்பலின் ராம்பில் வண்டியின் பின்பக்கம் இடிக்குமா?

இடிக்கலாம். மேலே சொன்ன அதே வற்றம்தான் காரணம். தண்ணீர் இறங்கும்போது சரிவுத்துறைக்கும் கப்பல் ராம்புக்கும் நடுவே கோணம் கூடிவிடும். பின்சக்கரத்துக்குப் பின்னால் நீண்டு தொங்கும் வண்டிகள்தான் உரசும். சைக்கிள் ஸ்டாண்டைக் கழற்றி உள்ளே வையுங்கள், கழிவுநீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள். ஏறும் முன்பே பணியாளரிடம் சொல்லிவிடுங்கள். அவர் ஒருவரை வெளியே நின்று பார்க்கவைத்து, குறுக்காகவோ நடந்துபோகும் வேகத்திலோ ஏற்றுவார். அவர் கையைப் பார்த்து ஓட்டுங்கள், ஜிபிஎஸ்ஸையும் வீட்டுக்காரரையும் கேட்காதீர்கள்.

ஈரப் புல்லில் சக்கரம் புதைந்துவிட்டால்?

முதல் சுழற்சியிலேயே ஆக்சிலரேட்டரை விடுங்கள். பெரும்பாலான மோட்டார்ஹோம்கள் முன்சக்கர இழுவை, எடையோ பின்னால். சுழற்றச் சுழற்ற ஆழமாகத்தான் போகும். ஆட்களை இறக்குங்கள், தண்ணீர்த் தொட்டி பின்பக்கம் இருந்தால் அதைக் காலி செய்யுங்கள், முன் டயர்களுக்கு முன்னால் பிடிப்புத் தகடு வையுங்கள், இரண்டாவது கியரில் மெல்ல எடுங்கள். இரண்டு முயற்சியில் வரவில்லையென்றால் பக்கத்து விவசாயியிடம் போய்க் கேளுங்கள். டிராக்டரோடு வருவார். எங்கே கொக்கி மாட்டுவது என்று வண்டியின் கையேட்டில் பார்த்துவைத்திருங்கள். காசு கொடுத்தால் வாங்குவாரோ மாட்டாரோ, கொடுக்க முன்வாருங்கள், கிழிந்த புல்லையும் திரும்ப மிதித்து மூடிவிட்டு வாருங்கள்.

பல மோட்டார்ஹோம்களில் ஸ்டெப்னியே கிடையாது, ஒட்டும் திரவம் மட்டும்தான் இருக்கும். டயர் பக்கவாட்டில் கிழிந்தால் அது உதவாது. வேன் டயர் அளவு தீவில் இருப்பு இல்லையென்றால் கப்பலில்தான் வர வேண்டும்.

ராத்திரி நிறுத்திய பிறகு இரண்டு பெக் போட்டால் தப்பா? வண்டிதான் ஓடவில்லையே?

இங்கிலாந்தில் 100 மி.லி. ரத்தத்துக்கு 80 மி.கி. ஆல்கஹால் வரம்பு இருந்தபோதே ஸ்காட்லாந்து 2014 டிசம்பர் 5 முதல் அதை 50 ஆக்கிவிட்டது. வரம்புக்கு மேல் குடித்துவிட்டு, பொது இடத்தில் நிற்கும் வண்டியின் பொறுப்பில் இருப்பதும் தனிக் குற்றம். ஓட்டும் எண்ணமே இல்லை என்று நிரூபிப்பது உங்கள் பாடு. ரோட்டோரத்தில் நிற்கும்போது யாராவது கதவைத் தட்டி இடத்தைக் காலி செய்யச் சொன்னால், அல்லது கடல்நீர் ஏறிவந்தால், ஸ்டீயரிங்கில் யார் உட்காருவார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. முன்பதிவு செய்த முகாமில் இருந்தால் இந்த நெருக்கடி வராது. வேறெங்கே நின்றாலும் ஓட்டத் தெரிந்த ஒருவர் தொடாமல் இருக்க வேண்டும். காலை ஏழு மணிக் கப்பல் என்றால், முதல் நாள் இரவு யாருமே தொடாமல் இருப்பதுதான் சரி.

பாராவில் விமானம் கடற்கரையில் இறங்குமாமே, அங்கே வண்டியைக் கொண்டுபோய்ப் பார்க்கலாமா?

டிராய் மோர் கடற்கரைதான் ஓடுதளம், தினசரி விமானம் அலை வற்றும் நேரத்தை ஒட்டி இறங்கும். பார்க்கலாம், ஆனால் வண்டியை டெர்மினல் பக்கத்துக் கார் நிறுத்தத்தில் விட்டுவிட்டு. காற்றுத் திசை காட்டும் துணிக்குழல் பறந்துகொண்டிருந்தால் விமான நிலையம் இயங்குகிறது என்று பொருள். மணலில் நடக்கக்கூடக் கூடாது. கோடை மதியங்களில் அந்த நிறுத்தம் நிரம்பிவிடும். பாராவைச் சுற்றும் ஏ888 மொத்தமே சுமார் 20 கி.மீ.தான். இடமில்லையென்றால் ரோட்டோரத்தில் ஒட்டி நிறுத்தாமல் ஒரு சுற்று போய்விட்டு அடுத்த விமானத்துக்கு வாருங்கள்.